வரிசையில் எனக்கு முன்னால் பதினொரு பேர்

கிளாக்கர்,

புதுக் கொப்பி ஒன்று தந்தார்கள். நாற்பது பக்கம், நீல அட்டை. வாங்கின கையோடு மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன். கடதாசி வாசமும் மண்டபம் கழுவின பினாயில் வாசமும் ஒன்றாக ஏறினதும் கொப்பியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஐம்பத்திநாலு வயது ஆம்பிளை ஒரு கொப்பிக்குப் பயந்து கதிரையில் இருந்தேன் என்றால் நம்புவீர்களோ? சிரியுங்கோ. நானும் சிரித்துத்தான் சமாளித்தேன்.

அதே மண்டபம்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் பலகை வாங்கு, பச்சைக் கதவு. மாதம் ஒருக்கால் ஊசி போட வருகிற எங்களை இப்போது திரும்பவும் புதன்கிழமைகளில் வட்டமாக இருத்துகிறார்கள். நடத்துகிற பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நாங்கள் முதல் வட்டம் போட்ட காலத்தில் அவவுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்திருக்கும்.

"உங்களுக்கு நல்லது செஞ்ச ஒராளுக்கு நன்றிக் கடிதம் எழுதுங்கோ. ஆர், எந்த ஊர், என்ன செஞ்சவை, எல்லாம் விவரமா இருக்க வேணும்" என்று சொன்னா.

"பேரும் ஊரும் கட்டாயமோ பிள்ளை?"

"விவரமா எழுதினாத்தானே ஐயா மனசுக்குள்ள இறங்கும்."

அந்த முதல் வட்டத்தை நடத்தின எங்கள் மிஸ் சொன்ன அதே சொல். ஒரு எழுத்துக் கூடக் குறையவில்லை. நான் பகிடியாக ஏதாவது சொல்லுவேன் என்று வட்டத்தில் இருந்த எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் குனிந்து கொப்பி அட்டையைத் தடவினேன்.

உங்களுக்கு ஒரு பேர் இருந்தது. நான் கூப்பிட்டதில்லை, கிளாக்கர் என்றுதான் கூப்பிட்டேன். இந்தக் கடிதத்திலும் அந்தப் பேரைப் போட மாட்டேன். கடதாசியில் பேரும் ஊரும் போனால் என்ன நடக்கும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

சுனாமிக் கடல் வந்து போய் ஒரு வருஷம் கழித்துத்தான் நம்மைக் கூட்டி அந்த மண்டபத்துக்குள் விட்டார்கள். ஒன்பது பேர். எல்லாரும் ஊசியும் குளிசை மருந்தும் எடுக்கிற பெரிய வருத்தக்காரர், சும்மா மனக்கவலைக்காரர் ஒருத்தரும் இல்லை. குறிஞ்சாக்கேணியில் இருந்து ஒரு முஸ்லிம் அக்கா, எங்களுக்கு ராத்தா, படகில் துறை கடந்து வருவா. அவவின் இரண்டு பிள்ளைகளையும் கடல் கொண்டு போன பிறகு வீட்டு ஆடுகளோடு மட்டும்தான் கதை. நான் சல்லிக் கரையில் மீன் பிடிக்கிறவன், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். எனக்குப் படகு எஞ்சின் கதைக்கும். நீங்கள் தபால் கந்தோரில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். போர் நடக்கிற ஊரில் கடிதம் என்ன சேதி கொண்டு வரும்? சில கடிதங்கள் சாக்குக்குள் கிடந்து அழுவது உங்களுக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்குகிற வீடும் அழும் என்று அவற்றை உங்கள் வீட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்கள். பிடிபட்டபோது ஒன்றைக்கூட நீங்கள் உடைத்துப் பார்த்திருக்கவில்லையாம். வேலை போயிற்று. அதற்குப் பிறகு நாலு வருஷம் பேனையைத் தொடவில்லை.

முதல் நாளே கூட்டாளி மாதிரி 'ஐசே' என்று கூப்பிட்டு நீங்கள் என்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா?

"உம்மட எஞ்சின் என்ன சொல்லும் ஐசே?"

"போ, போ எண்டு சொல்லும்."

"எங்க போகச் சொல்லும்?"

"அதைச் சொல்ல முந்தி எண்ணெய் முடிஞ்சு போச்சு கிளாக்கர்."

"எண்ணெய் முடிஞ்சாலும் கதைக்குமோ?"

"கதைக்கும். ஆனா தள்ளிக்கொண்டு போக வேணும்."

நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். கூட்டிக்கொண்டு வந்த உங்கள் அக்கா வாசலில் நின்று அழுதா. தம்பி சிரிச்சு நாலு வருஷம் என்று மிஸ்ஸிடம் சொன்னா.

மிஸ்ஸின் வைத்தியம் எனக்கு முதலில் விளங்கவில்லை. வருத்தத்தைக் கேட்க மாட்டா. இந்தக் கிழமை நடந்த நல்ல காரியம் ஒன்று சொல்லுங்கோ என்பா. வெளியில் ஷெல் சத்தம் கேட்கும், கடை பூட்டுகிற சத்தம் கேட்கும், உள்ளே நாங்கள் வட்டமாக இருந்து நல்லதைத் தேடுவோம். ராத்தாவுக்கு எப்போதும் ஆடு. "கறுப்பி குட்டி போட்டிச்சு." மற்றக் கிழமை, "குட்டி எழும்பி நிண்டிச்சு." நான் மிஸ்ஸின் சாறியைப் பற்றியே சொல்லுவேன். நீங்கள் யோசித்து, யோசித்து, எல்லாரும் கொட்டாவி விட்ட பிறகு, "இண்டைக்கு ஒரு பூனை என்னைக் கண்டு ஓடேல்லை" என்று சொல்லுவீர்கள். சொல்லிவிட்டு வெட்கப்படுவீர்கள்.

தொடங்குமுன் ஒரு சட்டம் இருந்தது. எல்லாரும் கையை நெஞ்சில் வைத்து ஒன்றாகச் சொல்ல வேண்டும்: "இங்க கதைச்சது இங்கேயே." நான் அதைத் தேவாரம் மாதிரி இழுத்துப் பாடுவேன். ராத்தா சிரிப்பா. நீங்கள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, சத்தியம் பண்ணுகிற ஆள் மாதிரிச் சொல்லுவீர்கள். அதையும் பழித்துக் காட்டியிருக்கிறேன்.

பிறகு ஒவ்வொருத்தரிடமும் என்ன பலம் இருக்கிறது என்று மிஸ் கண்டுபிடித்தா. எனக்கு வாய். உங்களுக்குக் கையெழுத்து. நன்றிக் கடிதம் எழுதுகிற கிழமை வந்தபோது, எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத வராது என்று கண்டு, "நீங்கள் எல்லாருக்கும் எழுதிக் குடுப்பீங்களா?" என்று உங்களைக் கேட்டா. பேனையை வாங்கி முதல் கடிதத்தின் முதல் வரியை எழுத அரை மணித்தியாலம் போயிற்று. எழுதி முடித்ததும் கடதாசியைக் காதில் வைத்துக் கேட்டீர்கள்.

"இது அழேல்லை" என்று சொன்னீர்கள்.

அப்போது உங்கள் முகம் இருந்த மாதிரி நான் பிறகு ஒருவர் முகத்திலும் காணவில்லை. மூன்று புதன்கிழமை இருந்து ஒன்பது கடிதம் எழுதினீர்கள். ராத்தாவின் கடிதம் கறுப்பிக்கு. அதையும் "அன்புள்ள" போட்டு, உள்தள்ளி, கோடு பிசகாமல்.

கடைசிக் கடிதம் என்னுடையது.

எஞ்சின் கூப்பிட்டு நான் கடலில் போன கதையை இங்கே திரும்பச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். எண்ணெய் முடிந்து, நீரோட்டம் இழுத்து, துறைமுக வாயையும் தாண்டிக் குடாவின் அக்கரையில் ஒதுங்கினேன். இக்கரை அரசாங்கத்தின் கையில், அக்கரை இயக்கத்தின் கையில். அங்கே கரைவலை இழுக்கிற ஒரு மனிசனும் பெண்சாதியும் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் திரும்பத் திரும்பக் கடலுக்கு ஓடுகிறேன் என்று பழைய சீலையால் காலைத் தென்னையில் கட்டி, இரண்டு நாள் சோறும் சொதியும் ஊட்டினார்கள். கேட்டு வந்தவர்களுக்கு எங்கள் சொந்தக்காரப் பெடியன் என்று சொல்லி மறைத்தார்கள். மூன்றாம் நாள் மூதூரில் இக்கரைக்கு வருகிற லோஞ்ச் படகில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு நன்றி சொல்ல உலகத்தில் அவர்களை விட்டால் ஆர் இருக்கிறார்கள்?

நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினீர்கள். ஊர்ப்பேர் வந்த இடத்தில் பேனை நின்றது.

"ஊரை விடுவம் ஐசே. 'அக்கரை' எண்டு மட்டும் போடுவம். அந்தாளின்ர பேரும் வேண்டாம்."

"பேரும் ஊரும் இல்லாட்டி அது ஆருக்கு எழுதின கடிதம்? கறுப்பிக்கு ரெண்டாவது கடிதமோ?"

"இது கடதாசி. எழுதின கடதாசி எங்கெங்க போகும் எண்டு பதினாறு வருஷம் பாத்தனான். காலம் சரியில்லை."

"பாருங்கோ ராத்தா, கிளாக்கருக்குப் பேனை நடுங்குது! காவலரணில நிக்கிறவன் உங்கட கையெழுத்தைக் கண்டா மயங்கி விழுந்திடுவான். எழுதுங்கோ, பயந்தாங்கொள்ளிக் கிளாக்கர்!"

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தா. அவ வேறு ஊர்க்காரி, விவரமாக எழுதினால்தான் மனதுக்குள் இறங்கும் என்று மட்டும் சொன்னா. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு எழுதினீர்கள். ஊரை எழுதினீர்கள், பேரை எழுதினீர்கள், "என்னை இரண்டு நாள் மறைத்து வைத்துக் காப்பாற்றினீர்கள், உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன்" என்று எழுதினீர்கள். கீழே என் பேர் மட்டும் இல்லை. வாசிக்கிற நாளில்தான் அவரவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது மிஸ்ஸின் ஒழுங்கு.

வாசிக்கிற நாளும் வந்தது. அன்றைக்குக் காலையில் பஸ் நிலையத்தடியில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு. பஸ்ஸில் வந்தவர், சைக்கிளில் வந்தவர், ஆம்பிளைகள் எல்லாரையும் மதிலோடு வரிசையாக நிறுத்தினார்கள். சல்லி பஸ்ஸால் இறங்கின நான் வரிசையில் ஏறினபோது, முன்னால் முதல் ஆளாக உங்கள் வழுக்கை தெரிந்தது. எண்ணினேன். உங்களுக்கும் எனக்கும் நடுவில் பத்துப் பேர். உங்கள் தோளில் துணிப்பை. பைக்குள் ஒன்பது கடிதம்.

வரிசைக்குப் பக்கத்தில், எங்கள் ஊருக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றது. முழு ஊரிலும் அடையாள அட்டை இல்லாமல் திரிகிற ஒரே சீவன் அதுதான் என்று ஒரு பகிடி வாய் வரை வந்தது. விழுங்கினேன். பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன், அந்த மான் ஊரில் உள்ள கடதாசி எல்லாம் தின்னும், அன்றைக்கு உங்கள் பையைத் தின்றிருக்கக் கூடாதோ என்று.

கடிதங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். தமிழ் வாசிக்கிறவன் ஒருவன் இருந்தான். ஆட்டுக்கு எழுதின கடிதத்தில் சிரித்தான். என்னுடையதில் சிரிக்கவில்லை. திரும்பவும் முதலில் இருந்து சத்தமாக வாசித்தான். நன்றிக் கடிதத்தை ஒராளுக்கு முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தா. வாசித்தாயிற்று.

"இது ஆர் எழுதினது?"

"நான் எழுதினது."

"அக்கரையில ரெண்டு நாள் ஒளிச்சிருந்தது நீயோ?"

நீங்கள் பை வாரை இழுத்துத் தோளில் சரிசெய்தீர்கள்.

"நீ இல்லாட்டி ஆர்?"

நீங்கள் கையை நெஞ்சில் வைத்தீர்கள். கண்ணை மூடினது எனக்குப் பின்னால் இருந்து தெரியாது, ஆனால் மூடியிருப்பீர்கள்.

"இங்க கதைச்சது இங்கேயே" என்று சொன்னீர்கள்.

அவர்களுக்கு அது என்ன மாதிரிக் கேட்டிருக்கும்! ஏதோ பயிற்சி எடுத்த ஆள் சொல்கிற மாதிரி. இரண்டு பேர் உங்கள் தோளைப் பிடித்தார்கள். உங்கள் கிளினிக் அட்டை சேட்டுப் பையில்தான் இருந்தது, எடுத்துக் காட்ட விடவில்லை. வாகனத்தில் ஏற்றும் வரை நீங்கள் ஒருக்காலும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நீங்கள் ஆரைப் பார்க்கிறீர்கள் என்று அவர்களும் பார்த்திருப்பார்கள்.

நான் என்ன செய்தேன்? வரிசையில் நின்றேன். பத்துப் பேர் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். என் முறை வந்தது. எங்கே போகிறாய் என்று கேட்டான், ஆஸ்பத்திரிக்கு என்றேன். என்ன வருத்தம் என்றான்.

"மண்டையில ஒரு ஓட்டை சேர். கடல்காத்து ஒரு பக்கத்தால வந்து மற்றப் பக்கத்தால போகுது."

அவன் சிரித்து அட்டையைத் திருப்பித் தந்தான். உங்களைக் கொண்டுபோய் அரை மணித்தியாலம் ஆகவில்லை, கிளாக்கர்.

மண்டபத்துக்குப் போய், கிளாக்கரைப் பிடித்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. மிஸ் உங்கள் மருந்துத் துண்டை எடுத்துக்கொண்டு பெரிய டொக்டரோடு முகாமுக்கு ஓடினா. இங்கே அப்படி ஒரு ஆள் இல்லை என்றார்களாம். அடுத்த நாளும் போனா, அதற்கடுத்த நாளும் போனா. பிறகு சண்டை பெரிதாகிப் பாதைகள் மூடப்பட்டன. மிஸ்ஸை அவவின் அலுவலகம் திருப்பி எடுத்துவிட்டது. மண்டபத்தைப் பூட்டினார்கள். அக்கரை ஊர் முழுக்க எழும்பி ஓடினது. அந்தக் கரைவலை மனிசன் உயிரோடு போய்ச் சேர்ந்தாரோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருக்கு எழுதின கடிதம் அவரைத் தவிர மற்ற எல்லாரையும் சேர்ந்தது.

உங்களை ஏழு மாதம் கழித்து விட்டார்கள். ஏழு மாதமும் ஒரு குளிசை இல்லை. அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினா. நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் இருந்தீர்கள். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. எந்த இரண்டு என்று சொல்லத் தேவையில்லை, பேனை பிடிக்கிற இரண்டும்தான். அக்கா எனக்கு பிளேன்ரீ கொண்டு வந்து தந்தா.

"ஆரோ ஒரு பாவி எழுதச் சொன்ன கடிதமாம் தம்பி. ஆரெண்டு கேட்டா வாய் திறக்கிறானில்லை. அந்தப் பாவி எங்கயோ சுகமா இருப்பான்."

நான் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தேன்.

"இன்னும் கொஞ்சம் சீனி போடுங்கோ அக்கா" என்றேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் அப்போது என் பக்கம் திரும்பினீர்கள். அந்தப் பார்வை கோபம் என்றால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

குளிசை தொடங்கின பிறகு புதன்கிழமைகளில் நீங்களாகவே வெளிக்கிட்டு மண்டபத்துக்குப் போகத் தொடங்கினீர்கள். பூட்டின கதவுக்கு முன்னால், வாங்கில். அக்கா பயந்து என்னைத் துணைக்கு அனுப்பினா. ஒன்பது பேர் வட்டம் இரண்டு பேர் வாங்காயிற்று. நான் கையை நெஞ்சில் வைத்துச் சட்டம் சொல்லுவேன். இழுத்துப் பாடுவதில்லை. பிறகு எனக்கு நடந்த நல்ல காரியம் ஒன்று சொல்லுவேன். வலையில் இரண்டு பாரை பட்டது, மழை விட்டது, இப்படி ஏதாவது. உங்கள் முறைக்குக் காத்திருப்பேன். வேப்பங்காய் விழுகிற சத்தம் கேட்கும். எழும்பிப் போவோம். எத்தனை புதன் அப்படிப் போயிற்று என்று தெரியாது.

ஒரு புதன்கிழமை, நான் என்னுடையதைச் சொல்ல முந்தி நீங்கள் வாயைத் திறந்தீர்கள்.

"எனக்கு ஒண்டு இருக்கு ஐசே."

"சொல்லுங்கோ கிளாக்கர்."

"அண்டைக்கு நீர் வாயைத் திறந்திருந்தா ரெண்டு பேர். திறக்காததால ஒராள்தான். உம்மட பெண்சாதி, பிள்ளையள் ஒருத்தரும் தேடித் திரியேல்லை." மடியில் விழுந்த வேப்பங்காயைத் தட்டிவிட்டு, "சீவியத்தில ஒரு நாள் எண்டாலும் வாயை மூடினீரே. அதுதான் என்ர நல்ல காரியம்" என்றீர்கள்.

நீங்கள் விட்ட ஒரே பகிடி அது. எனக்குச் சிரிக்க ஏலாமல் போயிற்று. மன்னித்தேன் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். நீங்கள் அதை நல்லதாக எண்ணி, அத்தனை நாள் தேடி எடுத்து, என் கையில் தந்தீர்கள். அதை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

எழும்பும்போது இன்னொன்றும் சொன்னீர்கள். "இனி எனக்கு எழுத ஏலாது. உம்மட கடிதத்தை நீரே எழுதப் பழகும்."

அந்த மாரியில் உங்களுக்கு நெஞ்சுச்சளி கட்டினது. தடுப்பில் இருந்து கொண்டு வந்த நெஞ்சு அது, தாங்கவில்லை. செத்தவீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்து, கூட்டாளி என்றால் இவனைப் போல இருக்க வேண்டும் என்றார்கள். தூக்கினதில் நானும் ஒராள். வாயை மூடிக்கொண்டுதான் தூக்கினேன்.

எழுதப் பழக எனக்கு இவ்வளவு வருஷம் எடுத்தது. மகள் எழுத்துக்கூட்டித் தந்தா, பேரன் திருத்தினான். னாவிலும் ணாவிலும் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. நாலு புதனாக இந்தக் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடிதத்துக்கு உரிய ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன். "அவரை நல்லாத் தெரிஞ்ச ஒராளுக்கு முன்னால வாசியுங்கோ ஐயா" என்று சொன்னா. உங்களை நல்லாகத் தெரிந்தவர் உலகத்தில் இப்போது இரண்டு பேர். ஒராள் நான்.

அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கண் மங்கல், காது நல்ல கூர்மை. மாதத்தில் ஒருக்கால் மீன் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பாவியைத் திட்டாமல் அவ பிளேன்ரீ தருவதில்லை. நானும் குடிக்காமல் வருவதில்லை. இங்கே கதைத்தது இங்கேயே என்ற சட்டத்தை நீங்கள் எனக்காகக் காத்தீர்கள். நான் அதை எனக்காகவே காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றைக்குத்தான் அந்த வித்தியாசம் எழுத்தில் தெரிகிறது.

நாளைக்குப் புதன்கிழமை. மண்டபத்துக்குப் போகவில்லை, அக்காவிடம் போகிறேன். தேத்தண்ணி வந்தால் கையில் வாங்க மாட்டேன், பக்கத்தில் வைக்கச் சொல்லுவேன். இனிமேல் அந்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணி இல்லாமல் போகலாம். போகட்டும். கொப்பியைப் பிரித்து, கீழே என் முழுப் பேரை எழுதி, கையெழுத்து வைத்துவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்குவேன்.

அன்றைக்கு அந்த மதிலோடு, உங்களையும் சேர்த்து எனக்கு முன்னால் பதினொரு பேர் நின்றார்கள். இப்போது ஒருத்தரும் இல்லை. என் முறை.

அக்கா, அந்தக் கடிதம் என்ர.